பெயர் பெறாத கொடிகள்

மதுவைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதா என்று நேயர்களில் சிலர் புருவத்தை நெறிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு முதலிலேயே ஒரு வாக்குறுதி அளித்து விடுகிறேன். இதை எழுதுகிறவன் ஒரு துளி மதுவும் அருந்தாதவன். அருந்தும்படி எவருக்கும் சிபாரிசு செய்யப் போவதும் இல்லை. நான் சொல்ல வந்தது குடியைப் பற்றி அன்று, கொடியைப் பற்றி. பிரெஞ்சு தேசத்தின் மூலை முடுக்குகளில் சில திராட்சைக் கொடிகள் எப்படிப் பெயர் இழந்தன, பிறகு எப்படிப் பிழைத்துக் கிடந்தன என்பது குடியாதவர்களும் கேட்கத் தகுந்த கதை.

பிரெஞ்சு ஒயின் என்றதும் உலகத்தார் வாயில் வருகிற பெயர்கள் சிலவே. போர்தோ, ஷாம்பேன், ஆங்கிலேயர் பர்கண்டி என்று சொல்லும் பூர்கோஞ்: இவையெல்லாம் பிராந்தியங்களின் பெயர்கள், திராட்சையின் பெயர்கள் அல்ல. அந்தத் தேசத்தின் வழக்கமே அப்படி. புட்டியின்மேல் ஒட்டும் சீட்டில் ஊரின் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். எந்தக் கொடியிலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். 1935-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி பிறந்த ஒரு சட்டம் இவ்வழக்கத்தைக் கெட்டிப்படுத்தியது. இன்ன ஊரின் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டுமானால் இன்ன எல்லைக்குள், இன்ன திராட்சை வகைகளையே பயிரிட வேண்டும் என்று பட்டியல் போட்டு விதித்தார்கள். கலப்படக்காரர்களிடமிருந்து விவசாயியைக் காப்பாற்றிய நல்ல சட்டம்தான். ஆயினும் பட்டியலில் ஏறாத கொடியின் கதி என்ன? அதைப் பயிரிட்டால் ஊர்ப் பெயர் கிடையாது. ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் விலை கிடையாது. பிழைப்பை நாடுகிறவன் அந்தக் கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு நடுவான் அல்லவா? சட்டம் ஒன்றைக் காப்பாற்றும்போது மற்றொன்றை அறியாமலே கொல்வது உண்டு.

பெயர் வராத ஒயின்கள் சுவையில் தாழ்ந்தவை, அதனால்தான் பெயர் வரவில்லை என்று ஒருவர் எண்ணக் கூடும். நானும் வெகு காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரு நதியின் கதையைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிற்று.

பிரான்ஸின் தென்மேற்கே கரோன் என்று ஒரு பெரிய நதி ஓடுகிறது. அது கடலில் கலக்குமிடத்துக்குச் சற்று மேலே போர்தோ துறைமுகம் இருக்கிறது. நதியின் மேல் பகுதியில் தார்ன், லோத் என்ற இரண்டு உபநதிகள் வந்து சேருகின்றன. தார்ன் கரையில் காயாக் என்னும் ஊர். லோத் கரையில் காவோர். இரண்டும் திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர் போன பழைய ஊர்கள். காயாக்கில் 10-ம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ மடம் ஒன்று திராட்சையை வளர்த்தது. அதற்கும் முன்பே, ரோமானியர் காலத்தில், பக்கத்திலுள்ள மோந்தான் கிராமத்துக் குயவர்கள் ஒயின் ஜாடிகளைச் சுட்டுக் கொண்டிருந்தார்கள். காவோரின் ஒயின் மையைப்போல் கறுத்திருக்கும். அதன் பெயரை ரஷ்யர்கள் 'காகோர்' என்று மாற்றிக் கொண்டு, தங்கள் மாதாகோவில் பூஜைக்குரிய மதுவுக்கே இன்றளவும் அப்பெயரை வழங்கி வருகிறார்கள்.

ஆனால் கடலுக்கு வழி போர்தோவின் வழியாகத்தானே? அங்கேதான் சங்கடம். 1152-ம் வருஷத்தில் அக்குவித்தேன் நாட்டு ராணி எலியனோர், பின்னால் இங்கிலாந்துக்கு அரசனான ஹென்றியை மணந்தாள். அதன் பயனாக அந்நாடு மூன்று நூற்றாண்டுகள், 1453 வரையில், இங்கிலீஷ் மன்னர்களின் வசம் இருந்தது. போர்தோ வர்த்தகர்கள் அந்த மன்னர்களிடம் சலுகைக்குமேல் சலுகை பெற்றார்கள். அவற்றுள் முக்கியமானது இது: தங்கள் ஒயின் விற்றுத் தீர அவகாசம் வேண்டும், ஆகையால் மேல்நாட்டு ஒயின் நவம்பர் 11-ந் தேதி, அதாவது அர்ச். மார்த்தேன் திருநாள் வரையில், துறைமுகத்துக்குள் இறங்கக் கூடாது. பின்னால் இந்தக் கெடு கிறிஸ்துமஸ் வரையில் நீண்டது.

இதனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். அக்காலத்தில் கார்க் அடைத்த புட்டிகள் கிடையா. பீப்பாயில் இருக்கும் ஒயின் அடுத்த கோடைக்குள் புளித்துப் போகும். புது ஒயினுக்குத்தான் விலை. அதை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் இலையுதிர் காலத்தில் வந்து நிரப்பிக் கொண்டு போய்விடும். மேல்நாட்டுக்காரனுடைய சரக்கு துறைமுகத்துக்கு வரும்போது கப்பலும் இராது, கிராக்கியும் இராது. போதாததற்குப் பீப்பாயின் அளவிலும் வம்பு! போர்தோவின் பெரிய பீப்பாயை மேல்நாட்டார் உபயோகிக்கக் கூடாதென்றும், சிறிய பீப்பாயில்தான் அனுப்ப வேண்டுமென்றும் விதி இருந்தது. இதனால் அவர்களுடைய சரக்குக்குக் கப்பல் கூலி அதிகமாயிற்று. இங்கிலீஷ்காரர்கள் போய்ப் பிரெஞ்சு மன்னர்கள் வந்த பிறகும் இந்தச் சலுகைகள் போகவில்லை. கடைசியில் 1776-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் தூர்கோ என்ற மந்திரி ஒரு கட்டளை பிறப்பித்து இவற்றை ரத்து செய்தார். அடுத்த மாதமே அவருடைய மந்திரி பதவி பறிபோயிற்று. அந்தக் காலத்து ராஜாங்கத்தில் நியாயமான காரியம் செய்கிறவர்களுக்குக் கிடைக்கும் சன்மானம் அதுதான் போலும்.

ஐந்நூறு வருஷம் ஒருவனை வாசற்படியில் நிறுத்தி வைத்துவிட்டு, "ஏன் உனக்குப் பெயர் வரவில்லை?" என்று கேட்பது எவ்வளவு பொருத்தம்!

தளை நீங்கி நூறு வருஷம் ஆவதற்குள் மற்றோர் ஆபத்து வந்தது. இது அமெரிக்காவிலிருந்து நாற்றுகளோடு வந்து இறங்கியது. 'பில்லாக்ஸெரா' என்பது அதன் பெயர். செடிகளைப் பீடிக்கும் அசுவினிப் பூச்சிக்கு உறவு. வேரைக் கடித்துச் சாற்றை உறிஞ்சி, இரண்டு மூன்று வருஷங்களில் கொடியைப் பட்டுப்போகச் செய்துவிடும். 1863-ல் கார் ஜில்லாவில் முதன் முதலாகக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடின. 1868-ல் மோன்பெலியே நகரத்துத் தாவர சாஸ்திரி பிளான்ஷோன் பூச்சியைக் கண்டுபிடித்தார். 1875-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசம் இறக்கிய ஒயின் சுமார் 8 கோடியே 45 லட்சம் ஹெக்டோலிட்டர். ஒரு ஹெக்டோலிட்டர் என்பது நூறு லிட்டர். 1889-ல் அது 2 கோடியே 34 லட்சமாகச் சுருங்கிவிட்டது. இந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

பரிகாரமும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரை அந்தப் பூச்சியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அந்த வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டி நட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கொடியாக ஒட்டுக் கட்டப் பணம் வேண்டும். கடன் வாங்கி நடுகிறவன் அதிகம் காய்க்கிற வகையை நடுவானா, பாட்டன் நட்ட பழைய வகையைத் தேடிக் கொண்டிருப்பானா? நூற்றுக்கணக்கான உள்ளூர் வகைகள் மறைந்தது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். பூச்சியால் செத்தவற்றைவிட, மறுபடி நடப்படாமல் போனவையே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

காயாக்கில் 'ப்ரூனலார்' என்று ஒரு கறுப்புத் திராட்சை உண்டு. அதுவும் இப்படி ஏறக்குறைய அற்றுப் போய்விட்டது. 20-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அவ்வூர்த் தோட்டக்காரர் ராபெர் பிளாஜோல் என்பவர், அதையும் 'ஓந்தாங்க்' முதலிய வேறு பழைய வகைகளையும் தேடிப் பிடித்து மீண்டும் பயிராக்கினார். அண்டை அயலார் இவருக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. அதே ஊரில் 'லான் த லெல்' என்று ஒரு வெள்ளைத் திராட்சையும் இருக்கிறது. 'கண்ணுக்கு எட்டாதது' என்பது அந்தப் பெயரின் பொருள். கொடியில் மொட்டு விடும் இடத்தைக் 'கண்' என்பது அவர்கள் வழக்கு. கொத்தின் காம்பு நீளமாதலால் பழம் கண்ணைவிட்டுத் தள்ளித் தொங்குகிறது. குடியானவர்கள் வைக்கும் பெயரில் உள்ள கவிதை, வியாபாரி வைக்கும் பெயரில் வருவதில்லை.

ப்ரூனலாரின் பெருமை பிறகுதான் வெளியாயிற்று. காவோரின் கறுப்பு ஒயினுக்கு மூலமான திராட்சைக்கு மால்பெக் என்று பெயர். 1853-ல் மிஷேல் பூஜே என்ற பிரெஞ்சுத் தோட்டக்கலை நிபுணர் அர்ஜெண்டினா தேசத்து மெந்தோஸாவில் ஒரு விவசாயப் பண்ணையை நடத்த அழைக்கப்பட்டார். அவர் கொண்டு சென்ற நாற்றுகளில் மால்பெக்கும் ஒன்று. தாய்நாட்டிலோ 1956-ம் வருஷம் பிப்ரவரி மாதத்துக் கடும் பனியில் காவோர்த் தோட்டங்கள் அநேகமாகக் கருகிப் போயின. அந்த ஊருக்குச் சட்டபூர்வமான பெயர் உரிமை கிடைத்தது 1971-ல்தான். இன்று மால்பெக் என்றால் உலகம் அர்ஜெண்டினாவைத்தான் நினைக்கிறது.

அந்த மால்பெக்கின் பெற்றோர் யார் என்று விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை செய்து பார்த்தார்கள். தகப்பன், நாம் மேலே கண்ட ப்ரூனலார்! தாய் யாரென்று தெரியவில்லை. போர்தோவின் செல்லப் பிள்ளையான மெர்லோ திராட்சைக்கும் அவளே தாய் என்பது மட்டும் தெரிந்தது. 1996-ம் வருஷத்தில் வடக்கே பிரித்தானி பிராந்தியத்தில், திராட்சைத் தோட்டங்கள் மறைந்து வெகு காலமான ஸான் ஸுலியாக் என்னும் இடத்துக் குன்றுச் சரிவில், பெயர் தெரியாத ஒரு பழைய கொடி அகப்பட்டது. அதன் மரபணு பொருந்தியது. அப்புறம் ஷாராந்த் நாட்டுக் கிராமங்களில் நாலைந்து வீடுகளின் வாசலில் அதே கொடி படர்ந்து கிடப்பதைக் கண்டார்கள். அர்ச். மதலேன் திருநாளான ஜூலை 22-ந் தேதியை ஒட்டியே பழுத்துவிடுமாதலால் அவ்வூரார் அதை 'மதலேன் திராட்சை' என்று அழைத்து வந்தார்கள். ஆராய்ச்சி முடிவு 2009-ல் வெளியாயிற்று. உலகமெங்கும் லட்சக்கணக்கான ஏக்கரில் பயிராகும் இரண்டு பிரபலமான திராட்சைகளின் தாய், எந்தப் பட்டியலிலும் இடம் பெறாமல், வீட்டுத் திண்ணைக்கு நிழல் கொடுத்துக் கொண்டிருந்தாள்!

இது ஒன்றுதான் இப்படி என்று எண்ண வேண்டாம். பூர்கோஞ் பிராந்தியத்தின் கீர்த்தி வாய்ந்த ஷார்தொனேக்கும், காமே முதலிய இன்னும் பல வகைகளுக்கும் பெற்றோர், உயர்குலத்துப் பினோவும் 'குவே' என்ற ஒரு பட்டிக்காட்டுத் திராட்சையும் என்று 1999-ல் நிரூபித்தார்கள். குவே ஏழைக் குடியானவர்கள் பயிரிட்டது. மட்டமான ஜாதி என்று அதிகாரிகள் சில இடங்களில் அதைத் தடை செய்தும் வந்தார்கள். குலப் பெருமை பேசுகிறவர்கள் ஒரு தடவை திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வருவது நல்லது.

தென்மேற்கை விட்டுவிட்டு இனித் தேசத்தின் கிழக்கு எல்லைக்குப் போவோம். பூர்கோஞ்சுக்கும் ஸ்விட்ஜர்லாந்துக்கும் நடுவே ஜூரா என்ற மலைநாடு இருக்கிறது. பூச்சி வருவதற்கு முன்னால் அங்கே சுமார் 20,000 ஹெக்டேரில் திராட்சை இருந்தது. இன்று ஏறக்குறைய 2,000. ஆர்புவா என்பது அங்குள்ள சிறிய ஊர். லூயி பாஸ்டர் சிறு வயதில் வளர்ந்த ஊர் அது. ஒரு காலத்தில் நாய்க்கடி பட்டவர்கள் குன்னூருக்கு ஓடினார்களே, அந்தப் பாஸ்டர் ஸ்தாபனத்துக்குப் பெயர் கொடுத்த அதே பெரியவர்தான். அவர் ஆர்புவாவின் அருகே ஒரு தோட்டம் வாங்கினார். 1878-ல் அங்குள்ள சில கொடிகளைக் கண்ணாடிக் கொட்டகையால் மூடி, கொத்துகளைப் பஞ்சினால் சுற்றி, வெளியிலிருந்து நுண்ணுயிர் வந்து சேராவிட்டால் திராட்சைச் சாறு நுரைக்காது என்று காட்டினார். 1936-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி புதிய சட்டப்படி முதன் முதலாகப் பெயர் உரிமை பெற்ற சில இடங்களில் இந்த ஆர்புவாவும் ஒன்று.

ஜூராவில் பூல்ஸார் என்றொரு திராட்சை. அதன் தோல் மெல்லியது. அதிலிருந்து வரும் சிவப்பு ஒயின் வெங்காயத் தோல் நிறத்தில் வெளுத்திருக்கும். புப்பியேன் என்ற குக்கிராமத்தார் அதைப் 'புளூஸார்' என்று தங்கள் விருப்பப்படி உச்சரித்து, தங்கள் ஊரே 'உலகத்தின் புளூஸார் தலைநகர்' என்று சொல்லிக் கொள்கிறார்கள். போட்டிக்கு யாரும் இல்லாத பட்டம். இருந்தாலும் கிராமத்து அபிமானம் போற்றத் தக்கதே.

ஆனால் ஜூராவின் நிஜமான அதிசயம் ஸாவாஞான் என்னும் வெள்ளைத் திராட்சை. அதிலிருந்து 'மஞ்சள் ஒயின்' எடுக்கிறார்கள். சாதாரணமாக ஒயின் பீப்பாயில் ஆவியாகிக் குறையக் குறைய, காற்றுப் படாமல் அதை நிரப்பி வருவார்கள். இங்கே நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். மேலே ஆடை போல் ஒரு படலம் படர்கிறது. ஒரு வகை நொதிப் பூஞ்சையே அந்த ஆடை. 'முக்காடு' என்று அதற்குப் பெயர். முக்காட்டின் கீழ் அந்த ஒயின் கெடாமல் வருஷக்கணக்கில் தூங்குகிறது. அறுவடைக்குப் பின் ஆறு வருஷமும் மூன்று மாதமும் ஆகும் வரையில் புட்டியில் அடைக்கலாகாது. ஒரு லிட்டர் ஊற்றினால் அதற்குள் மிஞ்சுவது 62 ஸெண்டிலிட்டர்தான் என்பது கணக்கு. ஆகையால் அதற்கென்று 62 ஸெண்டிலிட்டர் பிடிக்கும் கட்டைக் குட்டையான தனிப் புட்டி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய அளவுச் சட்டத்திலும் அதற்கு விலக்கு வாங்கியிருக்கிறார்கள். கடனுக்கு வட்டி ஓடிக் கொண்டிருக்கும்போது, சரக்கை ஆறு வருஷம் தொடாமல் இருக்கும் குடியானவனின் பொறுமையை எண்ணிப் பாருங்கள்!

அதன் வாசனையைப் பற்றி ஒரு செய்தி நம் வீட்டு ஸ்திரீகளுக்குச் சுவாரஸ்யமாக இருக்கும். மஞ்சள் ஒயினில் ஸோதலோன் என்ற ஒரு ரசாயனப் பொருள் உண்டாகிறது. நமது அஞ்சறைப் பெட்டியிலுள்ள வெந்தயத்துக்கு வாசனை தருவதும் அதுவே. ஆகையால் அந்த ஒயினை ஒருநாளும் பார்த்திராத நமக்கும் அதன் வாசனை கொஞ்சம் தெரியும் என்று தைரியமாகச் சொல்லிக் கொள்ளலாம்.

அது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குச் சாக்ஷி உண்டு. பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்த 1774-ம் வருஷத்து அறுவடையில் எடுத்த மஞ்சள் ஒயின் புட்டிகள் மூன்றை 2018-ம் வருஷம் மே மாதத்தில் ஜூராவில் ஏலம் போட்டார்கள். ஒரு புட்டி 1,03,700 யூரோவுக்குப் போயிற்று. அதை வாங்கியவருக்குத் தாகம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கொடியின் வயசோ இதைவிடப் பெரிது. ஓர்லேயான் நகரத்தில் பூமிக்கு அடியிலிருந்து எடுத்த சுமார் 900 வருஷத்துத் திராட்சை விதை ஒன்றை ஆராய்ந்ததில், அது இன்றைய ஸாவாஞானோடு அணு அணுவாக ஒத்திருப்பதாக 2019-ல் அறிவித்தார்கள். அதாவது ஒன்பது நூற்றாண்டுகளாக யாராவது ஒருவர் அக்கொடியில் குச்சி வெட்டி மறுபடி நட்டுக் கொண்டே வந்திருக்கிறார். ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் போயிருக்கும்.

மறுபடி தென்மேற்குக்குத் திரும்பினால், ஜேர் ஜில்லாவில் ஸாராகாஷி என்ற கிராமத்தில் ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. அரை ஏக்கர்தான், சுமார் 600 கொடிகள். 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நட்டவை. மண் மணற்பாங்கு, மணலில் பில்லாக்ஸெராவினால் நகர முடியாது. ஆகவே ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே அவை பிழைத்திருக்கின்றன. இருபது வகைகள் அங்கே கலந்து நிற்கின்றன. அவற்றில் ஏழு என்ன வகையென்று எந்த நிபுணராலும் சொல்ல முடியவில்லை. 2012-ல் பிரெஞ்சு சர்க்கார் இத்தோட்டத்தைச் சரித்திரச் சின்னமாகப் பதிவு செய்தது. கோட்டைகளுக்கும் கோவில்களுக்கும் கிடைக்கும் அந்தஸ்து, உயிருள்ள பயிருக்கு அதுதான் முதல் தடவை.

மணலின் இந்தக் குணத்தை அறிந்தே மோன்பெலியே ஆராய்ச்சியாளர் தங்கள் திராட்சைக் களஞ்சியத்தையும் மத்தியதரைக் கடலோரத்து மணலில், வாஸால் என்னுமிடத்தில், 1949-ல் அமைத்தார்கள். 1876-ல் சேர்க்கத் தொடங்கிய களஞ்சியம் அது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் அங்கே உண்டு. இப்போது கடல் உயர்ந்து உப்பு ஏறும் பயத்தினால் கொடிகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது.

கடலை உயர்த்துகிற அதே வெப்பம் திராட்சையின் விதியையும் திருப்பியிருக்கிறது. கோடை முற்ற முற்றப் பழத்தில் சர்க்கரை மிகுகிறது, சர்க்கரை மிகுந்தால் ஒயினில் வெறி மிகுகிறது, புளிப்புக் குறைகிறது. சர்க்கரை போதாது, காலதாமதமாகப் பழுக்கிறது என்று பாட்டன்மார் தள்ளிய வகைகளே இன்று வேண்டியிருக்கின்றன. ஸாராகாஷியின் பக்கத்துக் குடியானவர்களின் கூட்டுறவுச் சங்கம், கைவிடப்பட்ட 'கறுப்பு மான்ஸெங்' என்ற திராட்சையை இந்தக் காரணத்துக்காகவே மறுபடி நட்டிருக்கிறது.

போர்தோவும் இறங்கி வந்திருக்கிறது. 2021-ம் வருஷத்தில் அதன் பட்டியலில் ஆறு புதிய வகைகளைச் சேர்த்துக் கொள்ள அநுமதி கிடைத்தது. அவற்றில் ஒன்று, எல்லோரும் மறந்துபோன 'காஸ்தே' என்ற பழைய தென்மேற்குத் திராட்சை. அதற்கும் நிபந்தனைகள் உண்டு: தோட்டத்தின் பரப்பில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் நடக் கூடாது; கலவையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது; புட்டியின் சீட்டில் அதன் பெயரைப் போடவும் கூடாது.